களம் பார்க்கும் தலை

குருக்ஷேத்திரப் போரின் எட்டாம் நாள் ஒரு தலை மண்ணில் விழுந்தது. மகுடமும் குண்டலமும் கழலாமல் விழுந்த தலை என்று வியாச பாரதத்தின் பீஷ்ம பருவம் சொல்கிறது. அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த இராவான் என்ற பிள்ளையின் தலை அது. அப்பன் போர்க்களத்தின் இன்னொரு மூலையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பிள்ளை செத்தது அவனுக்கு அப்போது தெரியாது.

அந்தத் தலை எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்த கதையை எழுத வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. எங்கள் பக்கம் என்றால் ஒதியம்பட்டு, வில்லியனூர், பாகூர், சங்கராபரணிக் கரை.

இராவானுக்கு வியாசர் கொடுத்த இடம் மிகக் கொஞ்சம். தாயோடு நாகலோகத்தில் வளர்ந்தான். அருச்சுனன் மேல் பகை கொண்ட உறவினன் அவனை ஒதுக்கி வைத்தான். அருச்சுனன் இந்திரலோகத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே தேடிப் போய், நான் உன் மகன் என்று தானே சொல்லிக்கொண்டான். அருச்சுனன் அணைத்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: போர் வரும்போது எங்களுக்கு உதவிக்கு வா. பிள்ளை வந்தான். சகுனியின் உடன்பிறந்தவர்களோடு மோதி, ஒருவனைத் தவிர மற்றவர்களை வெட்டிச் சாய்த்தான். பிறகு அலம்புசன் என்ற அரக்கன் எதிரே வந்தான். நாகங்கள் சூழ நின்ற இராவானுக்கு முன்னால் அவன் கருடனாக உருமாறிப் பாம்புகளையெல்லாம் தின்றான். பிள்ளை மயங்கி நின்ற நேரத்தில் கத்தி விழுந்தது. பல்லாயிரக்கணக்கான சுலோகங்கள் கொண்ட இதிகாசத்தில் இவனுக்குக் கிடைத்தது சில அத்தியாயங்கள். அப்பா கூப்பிட்டார், வந்தான், செத்தான். உபபாத்திரம் என்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான்.

பாரதம் தமிழ்நாட்டில் எப்போது கோயில் வாசலுக்கு வந்தது என்பதற்குக் கல்லிலும் செம்பிலும் சாட்சி இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த கூரம் செப்பேட்டில், மண்டபத்தில் பாரதம் படிக்கிறவருக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு நூற்றாண்டு கழித்து, தெள்ளாற்றுப் போரில் வென்ற மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் பெருந்தேவனார் பாரத வெண்பா பாடினார். அந்த நந்திவர்மனின் மகன் நிருபதுங்கன்தான், தன் 8ஆம் ஆட்சியாண்டில் நம் பாகூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை எழுதிக் கொடுத்தவன். பாகூர்ச் செப்பேடு அதைத்தான் சொல்கிறது. பெருந்தேவனார் பாரதத்தைத் தமிழில் பாடியதற்கும், பாகூரில் பிள்ளைகள் சாத்திரம் படித்ததற்கும் இடையே ஒரு தலைமுறைதான் தூரம்.

இராவான் தமிழில் அரவான் ஆனான்; பாரத வெண்பாவில்தான் அரவான் களப்பலி முதன்முதலாகத் தமிழில் தென்படுகிறது. போர் தொடங்குமுன் காளிக்கு ஒரு வீரனைப் பலி கொடுக்க வேண்டும். அங்க லட்சணம் முப்பத்திரண்டும் நிறைந்தவனாக அவன் இருக்க வேண்டும். பாண்டவர் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் மூன்றே பேர்: கண்ணன், அருச்சுனன், அரவான். கண்ணன் இல்லாவிட்டால் வழிநடத்த ஆளில்லை. அருச்சுனன் இல்லாவிட்டால் போரே இல்லை. மிச்சம் யார்? கூட்டிக் கழித்துப் பார்த்து அந்தப் பிள்ளையிடம் போய் நிற்கிறார்கள். வியாசர் எழுதாத இந்தக் கணக்கைத் தமிழ் மண் எழுதியது. ஒரு போரின் விலையை முதலில் யார் தலையில் கட்டுவார்கள் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் நன்றாக அறிந்தவர்கள்.

ஆனால் கதையில் இப்போது ஒரு சிக்கல். போருக்கு முன்னாலேயே பலியானவன் எட்டாம் நாள் எப்படி வந்து சண்டை போடுவான்? வியாசர் சொன்னதையும் விட முடியாது, களப்பலியையும் விட முடியாது. ஒருவனுக்கு இரண்டு சாவு வந்துவிட்டது. பின்னாளில் தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூராரும் கூத்து வாத்தியார்களும் இந்த முடிச்சை அவிழ்த்த விதம்தான் அந்தத் தலைக்கு உயிர் கொடுத்தது என்பது என் எண்ணம். பலியாகச் சம்மதித்த அரவான் ஒரு வரம் கேட்கிறான்: இவ்வளவு பெரிய போர் நடக்கப்போகிறது, அதைப் பார்க்காமல் நான் சாகமாட்டேன். கண்ணன் வரம் கொடுக்கிறான். உடம்பின் சதையை அறுத்துக் காளிக்குக் கொடுத்த பிறகும் அவன் எழுந்து போய் எட்டாம் நாள் வரை போரில் நிற்கிறான். உடம்பு விழுந்த பிறகு, பதினெட்டாம் நாள் போர் முடிகிற வரை தலை மட்டும் கண் திறந்து பார்க்கிறது. கதையில் இருந்த ஓட்டையை அடைக்க வந்த வரம், அந்தக் கதையிலேயே மிக அழுத்தமான காட்சியாகிவிட்டது. தமிழ்ப் பாரதத்தில் வேறு எந்த உபபாத்திரத்துக்கும் இப்படி ஒரு வேலை கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. வீரர்கள் எல்லாம் போரைச் செய்தார்கள், அவன் ஒருவன்தான் போர் முழுவதையும் பார்த்தான்.

இதற்கு முன் நடக்கிற அமாவாசைக் கதையையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பாரதம் வைத்தால் பெரியவர்கள் காத்திருந்து கேட்கிற இடம் அது. பலி கொடுக்க நல்ல நாள் எது என்று துரியோதனன் கேட்டது சகாதேவனிடம். எதிரியாக இருந்தாலும் சாத்திரம் பொய் சொல்லாது என்று சகாதேவன் அமாவாசையைக் குறித்துக் கொடுத்துவிட்டான். துரியோதனன் நேராக அரவானிடமே போனான், எனக்காகப் பலியாவாயா என்று கேட்டான். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லாத பிள்ளை அவன், சரி என்று வாக்குக் கொடுத்தான். சேதி தெரிந்த கண்ணன் என்ன செய்தான்? சதுர்த்தசியன்றே ஆற்றங்கரைக்குப் போய் தர்ப்பணம் செய்ய உட்கார்ந்துவிட்டான். பகவானே செய்கிறார் என்று மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நாளைக்கு அல்லவா அமாவாசை, இதென்ன கூத்து என்று சூரியனும் சந்திரனும் ஓடி வந்து கேட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக வந்து நிற்கிற நாள்தானே அமாவாசை, இதோ வந்துவிட்டீர்களே என்றான் கண்ணன். துரியோதனனின் நாள் கைநழுவிப் போயிற்று. அரவான் பாண்டவர் பக்கத்துப் பலியானான்.

சிரித்துக்கொண்டே கேட்கிற கதைதான். ஆனால் பிரசங்கியார் அந்த இடத்தில் குரலை இறக்கிச் சொல்லும்போது ஒன்று புரியும். இரண்டு பக்கமும் அந்தப் பிள்ளையைக் கேட்டது. இரண்டு பக்கத்துக்கும் அவன் சரி என்றான். கேட்டவர்களில் ஒருவர்கூட அவனுக்காக வருந்தி வேறு வழி தேடவில்லை. வில்லிபுத்தூராரிடம் கண்ணன் மட்டும், பலியாக நானே வருகிறேன் என்று சொல்லிப் பார்க்கிறான். பாண்டவர் அதற்கு ஒப்பவில்லை.

புத்தகத்தில் இருந்த தலை மரத்துக்கு வந்தது துரோபதை அம்மன் கோயில்கள் வழியாக. அந்த வழிபாட்டின் தாய்வீடு செஞ்சிச் சீமை. செஞ்சிக்கு அருகே உள்ள மேலச்சேரிக் கோயிலை ஆதிக் கோயில் என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் துரோபதை வழிபாட்டைப் பற்றி 1988இல் எழுதிய பெரிய நூலின் தலைப்பிலேயே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று வரும். அதே செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளில் பிறந்துதான் சங்கராபரணி வில்லியனூரைத் தொட்டு, திருக்காஞ்சி வழியாகக் கடலுக்குப் போகிறது. ஆறு வந்த வழியில் பாரதமும் வந்தது என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது. எப்படி வந்திருந்தாலும், செஞ்சியிலிருந்து கடற்கரை வரை கொடியேற்றி, காப்புக் கட்டி, பகலில் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பாரதம் வைக்கிற ஊர்கள் வரிசையாக இருக்கின்றன.

இந்தக் கோயில்களில் இருக்கிற அரவான் தலையைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய தலை. முகம் செக்கச் சிவப்பு. நெற்றியில் நாமம். முறுக்கி விட்ட மீசை, மீசைக்கு ஓரமாக வெளியே எட்டிப் பார்க்கும் கோரைப் பற்கள். காதில் பெரிய குண்டலம், தலையில் கூம்பு மகுடம், சில இடங்களில் மகுடத்துக்கு மேல் குடை பிடித்த நாகப்படம். தாய் வீட்டுச் சீதனம் அந்த நாகம். இவை எல்லாவற்றையும்விட மனதில் நிற்பது கண். இமை இறங்காமல் உருண்டு விழித்த கண். தச்சர் மற்ற உறுப்புகளைக் குறைத்தாலும் கண்ணைக் குறைப்பதில்லை, ஏனென்றால் அந்தத் தலைக்கு அங்கே கொடுத்திருக்கிற வேலையே பார்ப்பதுதான். கூத்து நடக்கிற களத்தையும் துரியோதனன் படுகளத்தையும் பார்த்தபடி அதை உயரத்தில் வைப்பார்கள்.

கூத்தில் அந்த இரவுக்கு அரவான் கடபலி என்று பெயர். மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் முழங்க, கட்டியங்காரன் அறிமுகம் சொல்லி, திரைக்குப் பின்னாலிருந்து கிரீடமும் புஜகீர்த்தியுமாக அரவான் வருவான். முற்பாதி இரவு துரியோதனனும் கண்ணனும் போட்டி போட்டு வாக்கு வாங்குவதில் போகும். ஆண்கள் திண்ணையில் சாய்ந்துகொண்டு, பிள்ளைகள் பாயில் உருண்டுகொண்டு அதைக் கேட்பார்கள். ஆனால் அரவான் தாயிடம் விடைபெற வரும் கட்டம் வந்ததும் பெண்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்தத் தாய் மகனைப் பெற்று, வளர்த்து, அப்பாவைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பியவள். அவளுக்குக் கிடைக்கப்போவது இதுதான். வியாசரிடம் அவள் இந்த இடத்தில் இல்லை. கூத்து வாத்தியார்கள் அவளை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். மகன் நெஞ்சில் தொடங்கி முப்பத்திரண்டு இடத்தில் சதையை அரிந்து காளிக்கு வைக்கும்போது வேடக்காரருக்கே அருள் வந்து, கூட இருப்பவர்கள் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். நடிப்பும் வழிபாடும் அங்கே ஒன்றாகிவிடும். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அந்தத் தலைக்குக் கூத்தாண்டவர் என்று தனிக்கோயில் எடுத்த ஊர்கள், கதையை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுபோயின. கல்யாணமாகாதவனைப் பலி கொடுக்கக் கூடாது, கல்யாணமாகாமல் செத்தால் அவனுக்குச் சடங்கும் இல்லை. நாளைக்குச் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாக வந்து தாலி வாங்கிக்கொண்டான், ஓர் இரவு மனைவியாக இருந்தான், மறுநாள் தாலியறுத்து அழுதான். வில்லிபுத்தூராரிடம் இந்தக் கல்யாணம் கிடையாது. இது மக்கள் கட்டிய பகுதி. இன்றைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிற கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரை முழுநிலவுக்கும் நாடெங்கிலுமிருந்து திருநங்கையர் வந்து, பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். வேண்டுதல் உள்ள ஊர் ஆண்களும் சிறுவர்களும்கூடத் தாலி கட்டிக்கொள்வது உண்டு. மறுநாள் மரத் தலைக்கு வைக்கோலாலும் பூமாலையாலும் உடம்பு கட்டித் தேரேற்றுகிறார்கள். தேர் அழுகளத்துக்குப் போகப் போக மாலைகள் உருவப்படுகின்றன. அங்கே தாலி அறுபடுகிறது, வளையல் உடைபடுகிறது, வெள்ளைச் சேலை வருகிறது. நம் புதுச்சேரிப் பகுதியில் பிள்ளையார்குப்பத்திலும், கடலூர்ப் பக்கம் கொத்தட்டையிலும் இதே கூத்தாண்டவருக்கு இதே சடங்கோடு திருவிழா நடக்கிறது.

கூவாகம் என்றதும் அழகிப் போட்டியின் புகைப்படங்களைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற பத்திரிகைகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அந்த அழுகளத்தில் நடப்பது வேடிக்கை காட்டல் இல்லை. ஊர் ஒதுக்கியவர்களுக்கு, ஊர் பலி கொடுத்த ஒருவன் கணவனாகிறான். பெண் கொடுக்க ஆளில்லாதவனுக்குக் கண்ணன் பெண்ணாக மாறி வந்தான் என்ற ஒரு சின்னக் கிளைக்கதை, இத்தனை பேருக்கு நிற்க இடம் கொடுத்திருக்கிறது. சட்டம் வெகு பின்னால்தான் வந்தது. தமிழக அரசு திருநங்கையர் நலவாரியம் அமைத்தது 2008 ஏப்ரல் 15இல். மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014இல், அதே ஏப்ரல் 15இல். கூத்தாண்டவர் தேர் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. சு. சமுத்திரம் எழுதிய வாடா மல்லி நாவலைப் படித்தவர்களுக்கு, அந்தத் தேருக்குப் பின்னால் நடப்பவர்களின் வாழ்க்கை கொஞ்சம் தெரிந்திருக்கும்.

தலை கடலையும் தாண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்டவர்கள், கையில் கொண்டுபோனது கொஞ்சம் துணிமணியும் நினைவில் இருந்த பாரதமும்தான். பாஞ்சாலி அங்கே பாண்டியாலே ஆனாள். அவளுக்காகத் தீமிதிக்கிறார்கள். தமிழ் பேச மறந்த தலைமுறையும் பாரதக் கூத்தை மறக்கவில்லை. சிங்கப்பூரில் 1827இல் நாராயண பிள்ளை தோற்றுவித்த மாரியம்மன் கோயிலில் துரோபதைக்கும் அரவானுக்கும் சந்நிதி உண்டு. தீபாவளிக்கு முந்திய தீமிதியையொட்டி அங்கே பாரதக் கதை இன்றும் நிகழ்த்தப்படுகிறது. சாவக நாட்டு நிழற்கூத்தில் இராவான் வேறு பாதையில் வளர்ந்திருக்கிறான். அங்கே அவன் கண்ணனின் மகளைக் கட்டுகிறான், கலஸ்ரெங்கி என்ற அரக்கன் கையில் சாகிறான். களப்பலி அங்கே இல்லை. ராஜஸ்தானத்தில் காட்டு சியாம் கோயிலில் கும்பிடப்படுவதும் ஒரு தலைதான். பீமன் வழியில் வந்த பர்பரிகனுடைய தலை அது, குன்றின் மேலிருந்து முழுப் போரையும் பார்த்தது. யார் வென்றது என்று பாண்டவர் அதனிடம் போய்க் கேட்டபோது, களமெங்கும் கண்ணனின் சக்கரம் சுழன்றதைத்தான் கண்டேன் என்றது. வென்றவர்களின் பெருமையைத் தலை ஒத்துக்கொள்ளவில்லை. பார்த்தவன் சொன்னதற்கு மறுபேச்சு ஏது?

பலியிடப்பட்டவன் ஏன் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு நான் கண்ட பதில் இது. பதினெட்டு நாளும் ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். பீஷ்மருக்கு வாக்கு, கர்ணனுக்குச் செஞ்சோற்றுக் கடன், தருமனுக்குத் தருமம். முதல் விலையைக் கொடுத்தவனுக்கு ஒரு நியாயமும் இல்லை, பேச்சும் இல்லை. அவனிடம் எடுத்துக்கொண்டதற்கு ஈடாகச் சனங்கள் அவனுக்குக் கண்ணைக் கொடுத்தார்கள். தன் சதை எதற்குப் பயன்பட்டது என்று கடைசி வரை பார்க்கிற உரிமை அது. பெரிய கவிகள் கொடுத்ததைவிட, ஊர் பெயர் தெரியாத கூத்து வாத்தியார்களும் தச்சர்களும் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது அதிகம். சிறு பாத்திரம் ஒன்றை வளர்ப்பது எப்படி என்று கதை எழுதுகிறவர்கள் அவர்களிடம் பாடம் கேட்கலாம். வசனத்தைக் கூட்டவில்லை, சாகசத்தைக் கூட்டவில்லை. ஒரு தாயைக் கொண்டுவந்தார்கள், ஓர் இரவு மனைவியைக் கொண்டுவந்தார்கள், கண்ணை மூடாமல் வைத்தார்கள்.

இன்றைக்குக் கூத்தைப் பத்து மணிக்குள் முடித்துவிடச் சொல்கிற விழாக் குழுக்கள் பெருகிவருகின்றன. மேடைக் கச்சேரிக்கும் ஒளிவிளக்குக்கும் தாராளமாகக் கொடுக்கிற கை, கூத்துச் சமாவுக்கு என்று வரும்போது சுருங்குகிறது. முதலில் வெட்டப்படுவது அரவான் தாயிடம் விடைபெறுகிற கட்டம்தான், ஏனென்றால் அதில் சண்டையும் சிரிப்பும் இல்லை. உங்கள் ஊரில் பாரதம் வைத்தால், வில்லியனூரோ பாகூரோ செஞ்சியோ எந்தப் பக்கமானாலும் சரி, கடபலி இரவைச் சுருக்கச் சொல்லாதீர்கள். சமாவுக்குப் பேசிய தொகையை முழுதாகக் கொடுங்கள். பிள்ளைகளை எழுப்பி உட்காரவைத்து, அந்தத் தாய் பாடி முடிக்கிற வரை கேட்கச் செய்யுங்கள்.